மெய்ப்பு

கல்யாணமாகி நான் ரங்கூனுக்கு எழுதிய முதல் கடிதம்
சிவப்பு மையில் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது.
மூன்று சந்திப்பிழை, ஒரு றகரம்.
கடைசியில் ‘அன்புடன்’ என்பதற்குக் கீழே மட்டும்
சரி என்று ஒரு குறி.

என் மச்சான் யாக்கூபு அப்படிப்பட்ட ஆள்.
தமிழ்ப் பத்திரிகையில் புரூஃப் ரீடர்.
கூத்தாநல்லூருக்கு லீவில் வந்தால்
மீலாது நோட்டீசைச் சுவரில் வைத்தே திருத்துவார்.

ராணுவம் பத்திரிகையைப் பூட்டியது.
முந்தின இரவு அச்சான தாளில்
இருக்கக்கூடாத ஒரு செய்தி இருந்ததாம்.
எழுதியவர் எங்கோ போய்விட்டார்.
எழுத்துக் கோத்தவன் மீசை முளைக்காத பையன்.
பார்த்து அனுப்பியது யார் என்று கேட்டபோது
இவர் கையைத் தூக்கியிருக்கிறார்.
“அதில் பிழை ஒன்றும் இல்லையே” என்றாராம்.
கப்பலில் திரும்பிய பொதக்குடிக்காரர் சொன்னது.

ஐந்து மாதம் கழித்து இன்செயின் சிறையிலிருந்து ஒரு காகிதம்.
இருபத்திரண்டு வரி. பதினாறில் தார் பூசியிருந்தது.
விளக்கில் காட்டினேன், வெயிலில் காட்டினேன்,
கறுப்பு கறுப்பாகவே இருந்தது.
மிச்சத்தில் நலம், மழை, பிள்ளைக்கு முத்தம்.
அப்புறம்
‘பளம் தருகிறார்கள்’ என்று இருந்தது.
‘சிரிய ஜன்னல்’ என்று இருந்தது.

பளம்.
சிரிய.
அவர் கையெழுத்துதான்.
உலை பொங்கி அடுப்பை அணைத்தது. நான் எழுந்திருக்கவில்லை.
ப. சி.
அன்றைக்கு ஆக்கிய சோற்றை என்ன செய்தேன்,
நினைவில்லை.

அடுத்ததில் ‘மாளை’ வந்தது, ‘சிரிது’ வந்தது.
மாசி என்று கண்டுபிடித்தேன், யாரிடமும் சொல்லவில்லை.
மாசியும் வந்தது. சம்பா அறுத்த தாளில் உளுந்து காய்த்து,
வெண்ணாறு மணலாகி, ஆட்கள் குறுக்கே நடந்தார்கள்.
கொரடாச்சேரி ஸ்டேஷனில் ஆறு நாள் நின்றேன்.
ஏழாம் நாள் ஸ்டேஷன் மாஸ்டர்
எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.
அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது கடிதத்தில் தார் குறைவு.
‘பாகர்க்காய்’ என்று இவர் எழுதியிருக்க
யாரோ நீல மையில், மணிமணியான எழுத்தில்,
ரகரத்தை அடித்து றகரம் போட்டிருந்தார்கள்.
‘திரந்து’ என்பதையும் விடவில்லை.

தமிழ் படித்த தணிக்கைக்காரன்.
எந்த ஊரோ. எந்த வாத்தியாரிடம் குட்டு வாங்கியவனோ.
நீலத்தைப் பார்த்துப் படித்ததில்
எனக்குத் தேடும் வேலை மிச்சம்:
பா. தி.

அவன் செய்தது காட்டிக்கொடுத்ததா,
காட்டிக் கொடுத்ததா?
சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்து எழுதினால் ஒன்று.
இதைத் தீர்க்கக்கூடியவர்
உள்ளே இருந்தார்.

பாதி என்றால் எதில் பாதி?
தண்டனையிலா? சோற்றிலா?
ஒரே அறையில் படுத்திருந்தவர்களிலா?
அதற்கு மேல் கடிதம் இல்லை.

ஒன்பது வருஷம் போய், இங்கே, ஒரு ஆனி மாதம்.
ஆற்றில் புதுத்தண்ணீர் நுரையும் சருகுமாக வந்த நாட்கள்.
பேப்பரின் நடுவில் வெள்ளையாக ஒரு சதுரம்.
“மை தீந்துபோச்சு போல” என்றார் டீக்கடைக்காரர்.
அங்கே கறுப்பு.
பிறகு சதுரமும் கூடாதென்று ஆகி
மரம் நடச் சொல்லி அந்த இடத்தை நிரப்பினார்கள்.

“உம்மா, ஏன் விரல் வச்சுப் படிக்கிறிய?”
மர்ஜானா கேட்டாள்.
பிழை தேடுகிறேன் என்றேன்.
ஒரு மளை, ஒரு பளம்,
யாராவது வேண்டுமென்றே விட்டது.
முதல் பக்கம், நெல் விலை, அணை நீர்மட்டம், மரண அறிவிப்பு.
ஒன்றும் இல்லை. அவ்வளவு சுத்தம்.
மச்சானே பார்த்தாலும் கீழே
சரி என்று குறி போட்டிருக்க வேண்டியதுதான்.

கதவைத் தாழிட்டு வந்து
மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன்.